மண்சுவர் வைத்துப் பூசுவது: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

மண்சுவர் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன விகிதம்?" சிமென்ட் பழக்கம் அது. மூட்டைக்குள் இருப்பது எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே சரக்கு, அதனால் 1:5 என்று சொன்னால் போதும். மண் அப்படி இல்லை. எங்கள் கொல்லையில் 3 அடி ஆழத்தில் எடுத்த மண்ணும் அதே கொல்லையின் மறுகோடியில் எடுத்த மண்ணும் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. ஆகவே இதில் விகிதத்தைவிட, விகிதத்தைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

நான் கொத்தனார் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் தாத்தா கட்டிய வீட்டின் பின்கட்டில் 10க்கு 12 அடியில் ஓர் அறை. அதில் ஒரு சுவர் மழையில் சரிந்தது, அதைத் திரும்ப வைத்தோம். மற்ற மூன்றையும் சுரண்டிப் பூசினோம். நீங்களும் அந்த அளவு வேலையில் தொடங்குங்கள்: ஒரு திண்ணை, ஒரு கொட்டகைச் சுவர், ஓர் அறையின் உள்பூச்சு. முழு வீடு கட்டும் எண்ணம் இருந்தால் முதலில் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் நடத்துவது போன்ற பயிற்சி ஒன்றுக்குப் போய் வாருங்கள், பொறியாளர் ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அச்சு எந்திரத்தில் அழுத்திச் செய்யும் மண்கல்லில் 5 சதவீதம் அளவுக்குச் சிமென்ட் சேர்ப்பார்கள். அது வேறு முறை. இங்கே நான் சொல்வது ஒன்றும் சேர்க்காத, குழைத்த மண்.

எப்போது தொடங்குவது

தை. மழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுப்பு முடிந்து வைக்கோல் மலிவாகக் கிடைக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. சுவரைத் தையிலும் மாசியிலும் எழுப்பி, பூச்சைப் பங்குனிக்குள் முடித்துவிட்டால், அடுத்த ஐப்பசி மழைக்கு முன் சுவர் உள்வரை காய ஏழெட்டு மாதம் கிடைக்கிறது. சித்திரை வெயிலில் பூசினால் மேற்பரப்பு மட்டும் சட்டென்று காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். ஆடிக் காற்றும் அதே வேலையைச் செய்யும்.

மண் தேடுவது

மேல்மண் வேண்டாம். வேரும் இலைமக்கும் கலந்த முதல் ஒன்றரை, இரண்டு அடியை ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழே தோண்டுங்கள். மேல்மண் செடிக்கு நல்லது. சுவரில் வைத்தால் மக்கு மேலும் மக்கி மண் உதிரும், கரையானுக்கும் விருந்து.

செம்மண் கிடைத்தால் பாதிக் கவலை விட்டது. கரிசல் மட்டும் கிடைக்கும் ஊர் என்றால் கொஞ்சம் கஷ்டம். கரிசலில் உள்ள களி தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கரிசல் காட்டில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு பார்த்திருப்பீர்கள், அதே வெடிப்புதான் சுவரிலும் வரும். கண்மாய் வண்டலையும் அப்படியே நம்பாதீர்கள். அதில் மக்கு அதிகம். அதோடு, கண்மாயில் மண் எடுக்க அனுமதி வாங்க வேண்டும், நம் ஊர்க் கண்மாய்தானே என்று வண்டியை இறக்கிவிட முடியாது. பூச்சுக்குப் புற்றுமண் அருமையான சரக்கு: கரையான் சலித்துக் கொடுத்த மண். அப்பத்தா புற்றை உடைக்கக் கூடாது என்பார். அவருக்கு அது சாமி. எனக்குப் பாம்பு. ஆக, மழையில் தானாகக் கரைந்து விழுந்த பழைய புற்றாக இருந்தால் மட்டும் எடுத்தோம்.

இடிந்த சுவரின் மண்ணையே திரும்பப் பயன்படுத்தலாம். சுடாத மண் என்பதால் ஊறப்போட்டால் மறுபடி சேறாகிவிடும். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அந்த மண்ணை மட்டும் தள்ளிவிடுங்கள். உப்பு உள்ள மண்ணால் பூசினால் ஒரே வருடத்தில் பொருக்கு விடும்.

மண்ணைப் படிப்பது

களிதான் பசை. மணல்தான் உடம்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வண்டல் பசையும் இல்லை, பலமும் இல்லை, அது குறைவாக இருப்பது நல்லது. களி கூடினால் வெடிக்கும், குறைந்தால் உதிரும். இதை அறிய ஆய்வகம் வேண்டாம்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் குழிக்குள் இறங்கி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முன்பல்லில் வைத்து மெதுவாகக் கடித்தார். நறநறவென்றது. துப்பிவிட்டு, "மணல் இருக்கு தம்பி, களி கொஞ்சம் கம்மி" என்றார். பிறகு கொஞ்சம் மண்ணை எச்சில் தொட்டுக் குழைத்து உள்ளங்கையில் தேய்த்து, செம்புத் தண்ணீரை மேலே ஊற்றச் சொன்னார். ஒரே ஊற்றில் கை சுத்தமாகிவிட்டது. களி மிகுந்த மண் என்றால் சோப்புப் போட்டதுபோல் வழுவழுத்து, தேய்த்தால்தான் போகும். இன்னும் ஒரு முழம் கீழே தோண்டச் சொன்னார். அங்கே கிடைத்த மண் கையை விட மறுத்தது.

அவருக்குப் பல் போதும். நமக்கு இன்னும் மூன்று சோதனைகள்.

முதலில் பாட்டில். உயரமான கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு பொடித்த மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்குவது மணல். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள் வரை மிதந்து, மேலே கூழ்போல் படிவது களி. ஒவ்வொன்றும் எங்கே முடிகிறது என்று பாட்டிலில் பேனாவால் கோடு போடுங்கள். எங்கள் மண்ணில் மொத்தம் 9 சென்டிமீட்டருக்கு மணல் 5, வண்டல் 1, களி 3. களி தண்ணீரில் உப்பி நிற்பதால் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குக் களி 15 முதல் 25 சதவீதம் வரை இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

அடுத்தது உருட்டல். ஈரமண்ணைப் பெருவிரல் தடிமனில் நீளமாக உருட்டி, மேசை விளிம்புக்கு வெளியே மெதுவாகத் தள்ளுங்கள். 2 அங்குலம்கூடத் தாங்காமல் ஒடிந்தால் மணல் அதிகம். 2 முதல் 6 அங்குலத்தில் ஒடிந்தால் நல்ல மண். 8 அங்குலம் தாண்டியும் வால்போல் தொங்கினால் களி அதிகம், மணல் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது உருண்டை. கொழுக்கட்டைப் பதத்துக்கு மண்ணைப் பிசைந்து, பந்தாக உருட்டி, மார்பளவு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விடுங்கள். தூளாகச் சிதறினால் பசை போதாது. உடையாமல் அப்பம்போல் சப்பினால் தண்ணீரோ களியோ அதிகம். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி.

சுவரின் காலும் தலையும்

மண்சுவருக்கு வெயில் பகையில்லை, வயதும் பகையில்லை. தண்ணீர் மட்டும்தான். அதுவும் மேலிருந்து விழும் மழையைவிட, கூரையிலிருந்து சொட்டித் தரையில் தெறித்து அடிச்சுவரில் படும் தண்ணீர். எங்கள் சுவர் சரிந்ததும் அப்படித்தான். கூரை ஓடு இரண்டு நழுவி, ஒரே இடத்தில் மூன்று மழைக்காலம் ஒழுகியது. அதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

எனவே தரைக்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி வரை கல் வேலை செய்யுங்கள். எங்கள் பக்கம் செம்புறாங்கல் கிடைக்கிறது, கருங்கல் கிடைக்கும் இடத்தில் கருங்கல். மேலே இறவாரம் சுவரைத் தாண்டி 2 அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் பூச்சில் என்ன மந்திரம் செய்தாலும் சுவர் நிற்காது.

ஒற்றை மாடிக்குச் சுவர் தடிமன் 1 முதல் 1½ அடி. தடிமனைப்போல் 8 மடங்கு உயரம் பாதுகாப்பான கணக்கு. கதவு, சன்னலை மூலைக்கு அருகில் வைக்காதீர்கள், 3 அடியாவது தள்ளியிருக்கட்டும்.

மண் குழைத்துச் சுவர் வைப்பது

கட்டிகளை உடைத்து, பாத்தி கட்டித் தண்ணீர் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலைத் தூவி மிதிக்க வேண்டும். மிதிப்பதில் குறுக்குவழி இல்லை. குதிகாலால் மிதித்து, மண்வெட்டியால் புரட்டி, மறுபடி மிதித்து, காலில் கட்டி தட்டுப்படாமல் போகும் வரை. பிறகு ஈரச் சாக்கு மூடி மூன்று நாள் புளிக்க விடுங்கள். நாற்றம் வரும், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், சொல்லிக்கொள்ளலாம். புளித்த மண்ணின் இழுவையைப் புதுச்சேற்றில் பார்க்க முடியாது.

இளநீர்க் காய் அளவுக்கு உருண்டை பிடித்து, அடித்து வைத்து, முந்தின உருண்டையோடு விரலால் கோத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு படை. உயரம் ஒன்று முதல் ஒன்றரை அடிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆசையில் இரண்டரை அடி ஏற்றினோம். சாயங்காலம் அடிப்பகுதி தொந்திபோல் பிதுங்கிவிட்டது. பிதுங்கியதை மண்வெட்டியால் சீவி எடுத்தோம். அடுத்த படைக்கு முன் மூன்று, நான்கு நாள் காய விட்டு, மேற்பரப்பைக் குத்திச் சொரசொரப்பாக்கி, தண்ணீர் தெளித்துத் தொடருங்கள். ஒவ்வொரு படைக்கும் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள்.

புதியவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று: காய்ந்த மண்சுவரில் ஆணி நிற்காது. படம், அலமாரி, கொடிக்கயிறு எங்கே வரும் என்று முன்பே யோசித்து, அந்த இடத்தில் வேப்பங்கட்டைத் துண்டுகளைச் சுவரோடு வைத்து எழுப்புங்கள். மின்குழாய்க்குத் தடம் வெட்டுவதும் பூச்சுக்கு முன்பே முடிய வேண்டும்.

பூச்சு: முதலில் சின்னச் சதுரம்

பூச்சு மண்ணைக் கால் அங்குலச் சல்லடையில் சலியுங்கள். இனிச் சுவரில் ஒரு மூலையில், ஓர் அடிக்கு ஓர் அடியாக மூன்று சதுரம் பூசுங்கள். ஒன்றில் மண்ணும் மணலும் 1:1. அடுத்தது 1:2. மூன்றாவது 1:3. மூன்றிலும் ஒரே அளவு வைக்கோல் தூள், தடிமன் அரை அங்குலம். எது எந்தக் கலவை என்று ஆணியால் சதுரத்தின் மேலேயே கீறி வையுங்கள், நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். நாலைந்து நாள் காயட்டும்.

எங்கள் 1:1 சதுரத்தில் சிலந்தி வலைபோல் வெடிப்பு, ஒரு ரூபாய்க் காசை நிற்க வைக்கலாம். 1:3 வெடிக்கவில்லை, ஆனால் உள்ளங்கையால் தேய்த்தால் மணல் கொட்டியது. 1:2 நின்றது. நகத்தால் கீறினால் கோடு விழுந்தது, தூள் விழவில்லை. எனவே எங்களுக்கு 1:2. இதைப் படித்துவிட்டு நீங்களும் நேராக 1:2 போட்டால் அது என் கொல்லைக்கான விடை, உங்களுடையது இல்லை.

அளவுக்கு ஒரு கணக்கு: 10 அடி நீளம், 8 அடி உயரச் சுவருக்கு முக்கால் அங்குலப் பூச்சு என்றால் 5 கன அடி. குழைத்தால் உலர்ந்த மண்ணும் மணலும் அமுங்கிக் குறையும். ஆறரை, ஏழு கன அடி வைத்துக்கொண்டால் நடுவில் கை நிற்காது. நடுவில் நின்றால் ஒட்டுப் போட்ட கோடு கடைசி வரை தெரியும்.

அடிப்பூச்சு

சுவரில் உதிர்வது எல்லாவற்றையும் சுரண்டி, விளக்குமாற்றால் பெருக்குங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழமான பள்ளங்களைக் கெட்டி மண்ணும் செங்கல் துண்டும் வைத்து முந்தின நாளே அடையுங்கள். முதல் நாள் மாலை ஒரு தடவை, பூசுமுன் ஒரு தடவை சுவரை நனையுங்கள். சுவர் தண்ணீரைக் குடிக்க வேண்டும், வழியக் கூடாது. காய்ந்த சுவரில் பூசினால் பூச்சிலிருந்து ஈரத்தை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிடும், காய்ந்ததும் பத்தையாகக் கழன்று விழும்.

அடுத்து, மோர்போல் கரைத்த களியைத் தென்னந்துடைப்பத்தால் சுவரில் அடியுங்கள். அது காயும் முன் பூச்சு. கரண்டி வேண்டாம், கை போதும். ஒரு கை மண்ணை எடுத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் கீழிருந்து மேலாக அழுத்தித் தள்ளுங்கள். மண் சுவரோடு சேரும் இடத்தில் காற்று தங்கக் கூடாது. முக்கால் அங்குலத் தடிமன். வழவழப்பாக்க வேண்டாம், அடுத்த பூச்சு பிடிக்க ஆணிப்பலகையால் கோடு கிழித்துவிடுங்கள்.

காய ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். முடிபோல் மெல்லிய வெடிப்பு வந்தால் பயமில்லை. விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். "தட் தட்" என்று கனமாகக் கேட்டால் பிடித்திருக்கிறது. "டொக் டொக்" என்று கூடாகக் கேட்டால் அந்த இடத்தைத் தயங்காமல் பெயர்த்துத் திரும்பப் பூசுங்கள்.

மேல்பூச்சு

இதற்கு மண்ணைக் கொசுவலை அளவு நுணுக்கமான சல்லடையில் சலிக்க வேண்டும். வைக்கோலுக்குப் பதில் புதுச் சாணி. சாணியில் மாடு மென்று கொடுத்த நுண்ணிய நார் இருக்கிறது, வெடிப்பைப் பிடித்து நிறுத்துவது அதுதான். மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு சாணியோடு தொடங்கி, இதற்கும் ஒரு சதுரம் பூசிப் பாருங்கள். நாற்றம் காய்ந்ததும் போய்விடும்.

அடிப்பூச்சை நனைத்து, கால் அங்குலத்துக்கும் குறைவாகக் கொத்துக்கரண்டியால் இழுத்து, மணியாசுக் கட்டையால் வட்டமாகத் தேய்த்து மட்டம் செய்யுங்கள். பிறகு காத்திருங்கள். விரல் வைத்தால் தடம் விழ வேண்டும், மண் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் ஒரு மணி நேரத்திலும் வரும், நாலு மணி நேரத்திலும் வரும். வந்ததும் தயிர் டப்பா மூடியின் விளிம்பை வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் தட்டையான பிளாஸ்டிக்கால் அழுத்தி இழுங்கள். விலை உயர்ந்த கரண்டிகளைவிட இது நன்றாக வேலை செய்கிறது. வளைந்த மூலைக்குள்ளும் போகும். மூலைகளைக் கூராக நிறுத்தாமல் மழுக்கிவிடுங்கள். கூர்மூலை முதல் நாற்காலி இடியிலேயே உடையும்.

சுண்ணாம்பு, எங்கே, எப்படி

உள்சுவருக்கு மண்பூச்சே போதும். மழை படும் வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பு தண்ணீரோடு சேர்ந்து நீறி, பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத் திரும்பக் கல்லாகிறது. அதற்கு ஈரமும் காலமும் வேண்டும்.

கடையில் கிடைக்கும் "சுண்ணாம்புப் பவுடர்" எல்லாம் சுண்ணாம்பு அல்ல. சில வெறும் சுண்ணக்கல் பொடி, அது எத்தனை நாள் ஆனாலும் இறுகாது. ஒரு ஸ்பூன் பவுடரில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். சோடாபோல் பொங்கினால் அது ஏற்கெனவே கல்லாகிவிட்ட சரக்கு, திருப்பிக் கொடுங்கள்.

நீற்றும்போது கவனம். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்ட சுண்ணாம்புக் கட்டி. மாற்றிச் செய்யாதீர்கள், தெறிக்கும். கொதிக்கும் சூடு வரும், பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். கண்ணாடி, கையுறை கட்டாயம். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே இருந்து மருத்துவமனைக்குப் போங்கள். நீறியதைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்க, ஒரு மாதமாவது மூடி வைத்தால் வெண்ணெய்போல் ஆகும்.

அந்த வெண்ணெய் 1, சலித்த மணல் 3. குழைக்கக் கடுக்காய்த் தண்ணீர்: நாலைந்து நாள் ஊறிய கடுக்காய், கட்டன்சாயா நிறத்தில் இறங்கிய நீர், அதில் கொஞ்சம் கருப்பட்டி. கருப்பட்டியை அள்ளிப் போடாதீர்கள், இறுகுவதைத் தாமதப்படுத்தும். சுண்ணாம்பு மண்ணோடு தானாக ஒட்டாது, கோடு கிழித்த சொரசொரப்பில்தான் கால் ஊன்றும். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே பூச்சில் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு நிழலில் வையுங்கள். கண்ணாடிபோல் மின்னும் செட்டிநாட்டுப் பூச்சை முதல் முயற்சியிலேயே செய்ய நினைக்காதீர்கள். அது பல படலம் இட்டுக் கூழாங்கல்லால் தேய்க்கும் கைவேலை, அதற்கென்று பழகிய கொத்தனார்கள் இருக்கிறார்கள்.

மேலே வெள்ளையடிக்கும் கரைசல் பால்போல் இருக்கட்டும். அடிக்கும்போது ஒன்றும் பிடிக்காததுபோல் தெரியும், காய்ந்த பிறகுதான் வெளுக்கும். இது தெரியாமல் கெட்டியாக அடிப்பதால்தான் பொங்கலுக்கு அடித்தது சித்திரையில் சட்டையில் ஒட்டுகிறது. நாளுக்கு ஒன்றாக மெல்லிசாக நாலைந்து தடவை, ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்துவிட்டு. ஒரு சிட்டிகை நீலம் போட்டால் அந்தப் பழைய வெண்மை வரும்.

சிமென்ட் பூசலாமா

வேண்டாம். எங்கள் வீட்டிலேயே ஒரு சுவருக்குப் பலமாக இருக்கட்டும் என்று கோழிவலை அடித்து 1:4 சிமென்ட் பூசியிருந்தார்கள். பதினைந்து வருடம் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சுரண்டத் தொடங்கியபோது கதவளவு பலகையாகக் கழன்று வந்தது. பின்னால் மண் காயவே இல்லை. கையை வைத்தால் உள்ளே போனது. மண்சுவர் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் ஈரத்தை வாங்கி, திரும்ப வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைக்கிறது. பிளாஸ்டிக் பெயின்டும் அதே கதைதான்.

வருடா வருடம்

புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஓடு நழுவியிருக்கிறதா, சுவரடியில் தண்ணீர் தேங்குமா, கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். பெயர்ந்த இடத்தின் ஓரத்தை நனைத்து, அதே மண்ணால் அடைத்துத் தேய்த்தால் மறுவாரம் ஒட்டுத் தெரியாது. அதற்கு அதே மண் வேண்டும். வேலை முடிந்ததும் சலித்த மண்ணில் ஒரு மூட்டையைக் கட்டிப் பரணில் போட்டு, மேலே எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் மூட்டையில் இப்படி இருக்கிறது: "கொல்லை வடகோடி, 4 அடி ஆழம், மணல் 2 பங்கு. சாணி புதுசு."